கழற்றிப் பூட்டும் கருவிகள்



உங்கள் வீட்டு அடுப்படியில் தேங்காய் துருவும் மணை ஒன்று இருக்கும். அதைச் சற்று நினைத்துப் பாருங்கள். பலகையின் ஒரு முனையில் பல்லுள்ள இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அம்மா அந்தப் பலகையின் மேல் உட்கார்ந்து, தேங்காய் மூடியை இரு கைகளாலும் பிடித்துத் துருவுவார். ஏன் உட்கார வேண்டும்? பலகை ஆடக்கூடாது என்பதற்காகத்தான். உட்காராமல், ஒரு கையால் பலகையை அழுத்திக்கொண்டு மறு கையால் துருவிப் பார்த்தால், தேங்காய்ப்பூ தட்டில் விழுவதற்கு முன்னே விரலில் காயம் படும். வேலை முடிந்ததும் அம்மா மணையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிடுவார். அது இடத்தை அடைக்காது. பிள்ளைகளின் காலிலும் குத்தாது.

வேலையின்போது அசையாமல் நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் எளிதாக எடுத்து வைக்க முடிய வேண்டும். இந்த இரண்டு குணங்களும் அந்தச் சாதாரண மணையில் சேர்ந்திருக்கின்றன. இதே இரண்டு குணங்களையும் நம் வீட்டின் பின்புறத்தில் போட்டிருக்கும் இரும்பு வேலை மேசைக்கு எப்படிக் கொண்டுவருவது? இதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

தோட்டத்துக் குடும்பங்களில் கைவேலை தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கும் இந்நாளிலும், கத்தி தீட்டுவதும் அரிவாள் தீட்டுவதும் நின்றுபோகவில்லை. குலை வெட்டும் அரிவாளுக்குக் கூர் வேண்டும். குலை ஏற்றும் தள்ளுவண்டியின் சட்டம் உடைந்தால் ஒட்ட வேண்டும். மோட்டார் சைக்கிளின் மிதிகட்டை வளைந்தால் நிமிர்த்த வேண்டும். தோட்டத்தை விட்டுப் பட்டணத்தை ஒட்டிய அடுக்குமாடிகளுக்கும் குறைந்த விலை வீடுகளுக்கும் குடிபோனவர்களில் பலர் இந்தக் கைவேலையையே பிழைப்பாக்கிக்கொண்டு, கம்பிக்கதவு, சன்னல் சட்டம் செய்து விற்கிறார்கள்.

இந்த வேலைகளுக்கெல்லாம் வேண்டிய கருவிகள் நான்கைந்துதான். பொருளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், கூர் தீட்டும் கிரைண்டர், துளை போடும் டிரில், அடித்து நிமிர்த்தப் பட்டடைக்கல், குழாய் வளைக்கும் கருவி. பெரிய தொழிற்சாலையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மேசை இருக்கும். நமக்கு இருப்பதோ வீட்டுக்குப் பின்னால் எட்டடிக்குப் பத்தடி இடம். அதிலேயே துணி காய வேண்டும். மோட்டார் சைக்கிள் நிற்க வேண்டும். பிள்ளைகள் ஓடி விளையாட வேண்டும். எல்லாக் கருவிகளையும் ஒரே மேசைமேல் நிரந்தரமாகப் பூட்டிவிட்டால், ஓர் இரும்புச் சட்டத்தைக் கிடத்தக்கூட இடம் மிஞ்சாது. ஆகவே ஒரு மேசை, பல கருவிகள், தேவைப்படும்போது ஒன்றைப் பூட்டி மற்றதைக் கழற்றுவது என்ற முறைதான் நமக்குப் பொருந்தும்.

ஆனால் இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். "கழற்றத்தானே போகிறோம், எதற்கு இறுக்கிப் பூட்ட வேண்டும்?" என்று எண்ணி, கருவியைச் சும்மா தூக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். கழற்றக்கூடியது என்றால் தளர்ந்திருப்பது என்று பொருளல்ல. இந்த ஒரு வாக்கியம் மட்டும் உங்கள் மனத்தில் நின்றால், இன்று நான் பேசியதற்குப் பயன் கிடைத்துவிட்டதாக மகிழ்வேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நானறிந்த ஒருவர் செம்பனைக் குலை வெட்டுவதில் கெட்டிக்காரர். வீட்டில் ஒரு கிரைண்டர் வைத்திருந்தார். அதை ஒரு பலகையில் ஆணியடித்து, அந்தப் பலகையை ஒரு வெற்று எண்ணெய் டிரம்மின் மேல் வைத்து, தம் அரிவாளையும் அக்கம்பக்கத்தார் அரிவாளையும் தீட்டிக் கொடுப்பார். ஒரு நாள் மாலை, தீட்டிக்கொண்டிருக்கும்போதே பலகை அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. பலகை சாய்ந்தது. சாய்ந்த கிரைண்டரைப் பிடிக்கக் கையை நீட்டினார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நீட்டுவோம். வலக்கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன. நீண்ட கழியைப் பிடித்து உயரத்திலுள்ள குலையை வெட்டும் வேலையை அதன்பிறகு அவரால் செய்ய முடியவில்லை. குடும்பத்தின் வரும்படி பாதியாகக் குறைந்தது. படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் பள்ளியை விட்டு வேலைக்குப் போனான். நான்கு போல்ட்டுகள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

சரி, முதலில் மேசையைப் பார்ப்போம். கருவி ஆடாமல் நிற்க வேண்டுமானால் மேசை ஆடாமல் நிற்க வேண்டும். ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழவி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கல் அசைவதில்லை. காரணம் அதன் கனம். நம் மேசைக்கும் கனம் வேண்டும். நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள மேல்தகடு 6 மில்லிமீட்டர் கனத்தில் இருந்தால், அதன் எடை ஏறக்குறைய 35 கிலோ. 10 மில்லிமீட்டர் தகடாக இருந்தால் 58 கிலோ வரும். கால்களுக்கும் சட்டத்துக்கும் 50 மில்லிமீட்டர் ஆங்கிள் இரும்போ சதுரக் குழாயோ போதும். பழைய இரும்புக் கடையில் தேடினால் நல்ல தகடு கிடைக்கும். துரு மேலாக இருந்தால் கவலையில்லை. தட்டிப் பார்த்தால் செதில் செதிலாக உதிரும் தகட்டை மட்டும் வாங்காதீர்கள்.

நான்கு கால்களும் தரையில் சமமாகப் படிய வேண்டும். சிமெண்டுத் தரை சொந்தமானதாக இருந்தால், ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு சிறு தகட்டை ஒட்டி, தரையில் துளையிட்டு போல்ட் போட்டுவிடலாம். தோட்ட நிர்வாகத்தின் வீடாகவோ வாடகை வீடாகவோ இருந்தால் தரையில் துளையிட அனுமதி கேட்க வேண்டும். அனுமதி இல்லையென்றால், மேசையின் கீழ்ப்பகுதியில் ஒரு தட்டு அமைத்து, அதில் பழைய இரும்பையோ செங்கல்லையோ மணல் மூட்டையையோ அடுக்கிவிடுங்கள். நூறு கிலோ மணல் கீழே இருந்தால் மேசை எளிதில் நகராது. மேசையின் பின்பக்கம் சுவரை ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது.

இனி, பூட்டு எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கால் தெரிந்துகொள்வோம். குழாய் வளைக்கும் கருவியில் ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியைப் பிடித்து, நீங்கள் 30 கிலோ பலத்துடன் இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கருவி இரண்டு போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கிறது. போல்ட்டுகளுக்கு இடையே 15 சென்டிமீட்டர் இடைவெளி. அப்படியானால் ஒவ்வொரு போல்ட்டின் மேலும் விழும் பலம் எவ்வளவு தெரியுமா? 200 கிலோ! கைப்பிடி நீளமாக நீளமாக, பூட்டின் மேல் விழும் பாரம் பெருகிக்கொண்டே போகும். நெம்புகோலால் பாறையைப் புரட்டுகிறோம் அல்லவா? அதே நெம்புகோல் இங்கே நம் போல்ட்டைப் புரட்டப் பார்க்கிறது. ஆகவே போல்ட்டுகளை நெருக்கமாகப் போடாதீர்கள். எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடுங்கள். இரண்டுக்குப் பதில் நான்காகப் போடுங்கள்.

இப்போது பூட்டும் முறைகளுக்கு வருவோம். மூன்று முறைகளைச் சொல்கிறேன். வசதிக்கேற்ப ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொள்ளலாம்.

முதல் முறை, அடித்தகடு முறை. வைஸின் அடியிலுள்ள துளைகள் ஓர் அளவில் இருக்கும். கிரைண்டரின் துளைகள் வேறோர் அளவில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மேசையில் தனித்தனித் துளை போட்டால் மேசை சல்லடையாகிவிடும். ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் ஒரே அளவில் ஓர் அடித்தகடு செய்துகொள்ளுங்கள். 250 மில்லிமீட்டருக்கு 200 மில்லிமீட்டர், கனம் 10 மில்லிமீட்டர். எடை ஏறக்குறைய 4 கிலோ. கருவியை இந்தத் தகட்டில் நிரந்தரமாகப் பூட்டிவிடுங்கள். பிறகு எல்லாத் தகடுகளின் நான்கு மூலைகளிலும் ஒரே இடைவெளியில் துளை போடுங்கள். மேசையிலும் அதே இடைவெளியில் நான்கு துளைகள். எந்தக் கருவியானாலும் அந்த நான்கு துளைகளில் வந்து உட்காரும்.

துளைகள் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அளவு நாடாவால் அளந்து குறிக்காதீர்கள். ஒரு மயிரிழை தவறினாலும் போல்ட் நுழையாது. முதலில் ஒரு மெல்லிய தகட்டில் நான்கு துளைகளையும் கவனமாகப் போட்டு, அதையே அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். மேசைக்கும் அதே அச்சு. அடுத்த மாதம் வாங்கப்போகும் கருவிக்கும் அதே அச்சு. தையற்காரர் காகிதத்தில் அளவு வெட்டி வைத்துக்கொண்டு பத்துச் சட்டை தைப்பதில்லையா? அதைப் போலத்தான். அச்சுத்தகட்டில் முன்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறி கீறிவிடுங்கள். திருப்பி வைத்துத் துளையிட்டுவிடும் தவறு நேராது.

12 மில்லிமீட்டர் போல்ட்டுகள் இதற்குப் போதும். அடித்தகட்டின் துளை 13 மில்லிமீட்டராக இருந்தால் போல்ட் தாராளமாக நுழையும். மேசைத் தகட்டில் மரை வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். மரையின் ஆழம் போல்ட்டின் குறுக்களவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பட்டறையில் கையாளும் கணக்கு. ஆகவே 12 மில்லிமீட்டர் தகடாக இருந்தால் 10.2 மில்லிமீட்டர் துளை போட்டு நேரே மரை வெட்டலாம். 6 மில்லிமீட்டர் தகட்டில் அப்படிச் செய்தால் மூன்று சுற்று மரைதான் கிடைக்கும்; சில மாதங்களில் தேய்ந்துவிடும். மெல்லிய தகடாக இருந்தால், துளைக்குக் கீழே ஒரு நட்டை வெல்டிங் செய்துவிடுங்கள். அப்போது மேலிருந்து ஒரு போல்ட்டை நுழைத்து நட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒட்டினால், நட்டு கோணாமல் நேராக நிற்கும். வெள்ளையாகப் பளபளக்கும் துத்தநாகப் பூச்சுள்ள நட்டை அப்படியே ஒட்டாதீர்கள். அதிலிருந்து எழும் வெண்புகை உடலுக்குக் கெடுதல். காய்ச்சலையும் குளிர் நடுக்கத்தையும் கொடுக்கும். பூச்சில்லாத கறுப்பு நட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. கருவியை அடித்தகட்டில் பூட்டும் போல்ட்டின் தலை தகட்டுக்குக் கீழே புடைத்துக்கொண்டிருந்தால், தகடு மேசையில் படியாது. நொண்டி நாற்காலிபோல் ஆடும். ஆகவே தகட்டில் குழிவாகத் துளையை விரித்து, தட்டைத்தலை போல்ட் போட்டு, தலையைத் தகட்டின் மட்டத்துக்கு அமிழ்த்திவிடுங்கள். கருவி பூட்டாத நேரத்தில் மேசையின் நான்கு துளைகளிலும் குட்டை போல்ட்டுகளை முடுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் இரும்புத்தூள் மரைக்குள் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது முறை, குழாய்க்குள் குழாய் நுழைக்கும் முறை. மேசையின் முன்விளிம்புக்குக் கீழே, ஒரு காலை ஒட்டி, ஓரடி நீளமுள்ள சதுரக் குழாயை ஒட்டிவிடுகிறோம். இதை உறை என்போம். கத்தியும் உறையும்போல, இதற்குள் நுழையும் சிறிய சதுரக் குழாய் ஒவ்வொரு கருவியோடும் ஒட்டப்பட்டிருக்கும். கருவி வேண்டுமா? உறைக்குள் நுழைத்துப் பூட்டுங்கள். வேண்டாமா? இழுத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

இதற்கு வெளிக்குழாய் 60 மில்லிமீட்டர், சுவர்க் கனம் 4 மில்லிமீட்டர் என்று எடுத்தால், உள்ளே 52 மில்லிமீட்டர் இடமிருக்கும். அதற்குள் 50 மில்லிமீட்டர் குழாய் சிரமமின்றி நுழையும். ஆனால் வெளிக்குழாயின் உள்பக்கத்தில், தொழிற்சாலையில் ஒட்டிய தையல்போல் ஒரு வரப்பு ஓடும். அதை நீள அரத்தால் தேய்த்து எடுத்தால்தான் உள்குழாய் போகும். உறையை மேசையில் ஒட்டும்போது ஒரே மூச்சில் முழுதும் ஒட்டிவிடாதீர்கள்; சூட்டில் குழாய் சுருங்கி வளைந்துவிடும். நான்கு இடங்களில் பொட்டு வைத்தாற்போல் ஒட்டி, உள்குழாயை நுழைத்துப் பார்த்து, பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள்.

இரண்டு குழாய்களுக்கும் இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதல்லவா? அதுதான் ஆட்டத்துக்குக் காரணம். குறுக்கே துளையிட்டு ஓர் இரும்பு ஊசியைச் செருகிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஊசி, கருவி வெளியே வந்து விழாமல் காக்கும், ஆடாமல் காக்காது. ஆட்டத்தை நிறுத்த ஒரு முடுக்கு போல்ட் வேண்டும். வெளிக்குழாயின் ஒரு மூலைவிளிம்பில் துளையிட்டு, அதன்மேல் ஒரு நட்டைச் சாய்வாக ஒட்டி, போல்ட்டை முடுக்குங்கள். போல்ட் உள்குழாயை எதிர் மூலைக்குத் தள்ளும். அப்போது மேலும் கீழும், இடமும் வலமும் ஆகிய இரு ஆட்டங்களும் ஒரே முடுக்கில் நின்றுவிடும். பக்கச் சுவரில் போல்ட் போட்டால் ஒரு பக்க ஆட்டம் மட்டுமே நிற்கும். ஊசியும் வேண்டும், முடுக்கு போல்ட்டும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

உள்குழாய் உறைக்குள் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு உறுதி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்காவது உள்ளே இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் சிறப்பு. நம் நாட்டு மழையும் ஈரமும் உங்களுக்குத் தெரியும். உள்குழாயை மாதக்கணக்கில் உறைக்குள்ளேயே விட்டுவிட்டால் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சுத்தியலால் அடித்தாலும் வராது. மெல்லிதாகக் கிரீஸ் தடவி, வேலை முடிந்ததும் உருவி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது முறை, கையில் அதிகம் பணமில்லாதவர்களுக்கு. மேசையில் நல்ல வைஸ் ஒன்று மட்டும் நிரந்தரமாகப் பூட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய பட்டடைத் துண்டு, தகடு மடிக்கும் விளிம்பு, கம்பி வளைக்கும் முளைகள் ஆகியவற்றை ஒவ்வொரு தகட்டில் பொருத்தி, தகட்டின் அடியில் கனமான பட்டை இரும்பு ஒன்றைச் செங்குத்தாக ஒட்டுங்கள். அந்தப் பட்டையை வைஸின் வாயில் கொடுத்து இறுக்கினால் கருவி தயார். ஆனால் சுழலும் கருவிகளை, அதாவது கிரைண்டர் போன்றவற்றை, இப்படிப் பூட்டவே கூடாது. அதிர்வில் வைஸின் பிடி தளரும். கிரைண்டருக்கு நான்கு போல்ட்டுள்ள அடித்தகடுதான் சரி.

எந்தக் கருவிக்கு எந்த இடம்? அடிவாங்கும் பட்டடைக்கல் மேசைக்காலுக்கு நேர் மேலே இருக்கட்டும். நடுவில் வைத்து அடித்தால் தகடு துள்ளும். வைஸும் காலுக்கு அருகிலேயே இருக்கட்டும். அதன் நிலையான தாடை மேசை விளிம்பைவிடச் சற்றே வெளியே நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடித்தால், அது விளிம்பில் இடிக்காமல் கீழே தொங்கும். உயரம்? நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். வைஸின் மேல்மட்டம் உங்கள் முழங்கைக்குச் சமமாக இருந்தால், அரம் போடும்போது முதுகு வலிக்காது. அப்பாவும் மகனும் வெவ்வேறு உயரமென்றால், குள்ளமானவர் நிற்க ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம்.

கிரைண்டரைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் விட முடியாது. ஆறு அங்குலக் கல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,850 முறை சுற்றும்போது, அதன் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் ஓடும் காரின் வேகம் அது. அந்தக் கல் உங்கள் முகத்துக்கு முன்னால் சுற்றுகிறது. ஆகவே சில விதிகள். கருவியைத் தாங்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கூடினால் அரிவாள் முனை உள்ளே இழுபட்டுக் கல்லை உடைக்கும். கல் தேயத் தேயத் தாங்கியை நெருக்கிக்கொண்டே வர வேண்டும். புதுக் கல் போடும்போது அதைத் தூக்கிப் பிடித்து, மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்ட கல் உடைந்த பானைபோல் மந்தமாக ஒலிக்கும். அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். கல்லில் அச்சிட்டிருக்கும் வேக அளவு, கிரைண்டரின் வேகத்துக்குக் குறைவாக இருக்கக் கூடாது.

சுவிட்சைப் போட்டதும் கல்லுக்கு நேரே நிற்காமல், ஒரு நிமிடம் பக்கவாட்டில் விலகி நின்று பாருங்கள். கண்ணாடி இல்லாமல் தீட்டாதீர்கள். தொளதொளத்த சட்டைக்கை, கழுத்தில் தொங்கும் துண்டு, கையுறை இவையெல்லாம் கல்லில் சிக்கும். அரிவாளின் விளிம்பு நீலம் பாய்ந்தால் அதன் பதம் போய்விட்டது என்று பொருள். அடிக்கடி தண்ணீரில் நனைத்து, மெல்ல மெல்லத் தீட்ட வேண்டும். பால்வெட்டும் கத்திக்குக் கிரைண்டரைவிடக் கையால் தீட்டும் கல்லே நல்லது.

மேசை இரும்பு, மின்சாரம் இரும்பில் பாயும். இதை ஒருபோதும் மறக்கக் கூடாது. மூன்று முனைப் பிளக்கில் நிலக்கம்பி இணைந்திருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு மின்பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டித்துக்கொள்ளும் சாதனம் இருக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியவுடன் மின்சாரம் நிற்க வேண்டும். மேசைமேல் வெல்டிங் செய்யும்போது கிரைண்டரையும் டிரில்லையும் பிளக்கிலிருந்து எடுத்து, மேசையிலிருந்தும் கழற்றிவிடுங்கள். வெல்டிங் மின்சாரம் வழிதவறி அவற்றின் நிலக்கம்பி வழியாகப் பாய்ந்தால் கம்பி கருகும், கருவியும் கெடும். கழற்றக்கூடிய பூட்டின் அருமை அப்போதுதான் தெரியும். அதுபோல, தீப்பொறி பறக்கும் வேலை இருந்தால், பெட்ரோல் உள்ள மோட்டார் சைக்கிளை முதலில் தூரத்தில் நிறுத்துங்கள்.

கருவியைப் பூட்டியதும் உடனே வேலையைத் தொடங்காதீர்கள். இரு கைகளாலும் கருவியைப் பிடித்து, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பலமாக உலுக்கிப் பாருங்கள். கருவியை உலுக்கினால் மேசையே அசைய வேண்டும். கருவி தனியாக அசையக் கூடாது. தனியாக அசைந்தால் போல்ட் போதவில்லை. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அன்றைய வேலை நடுவிலும் ஒரு முறை போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். அதிர்வு நட்டைத் தளர்த்தும். சுருள் வாஷர் போட்டிருந்தாலும் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கழற்றிய கருவி எங்கே போகிறது என்பதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். கிரைண்டர் மேசைமேல் நின்றால், அப்பா வேலைக்குப் போன நேரத்தில் சிறுவன் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பான். அது பிள்ளைக் குணம். கழற்றி, பூட்டுள்ள பெட்டியிலோ அலமாரியிலோ வைத்துச் சாவியை உயரத்தில் மாட்டிவிட்டால் பயமில்லை. ஆனால் வைஸும் அடித்தகடும் சேர்ந்தால் கனமாக இருக்கும். உயரத்தில் வைக்காதீர்கள், கீழ்த்தட்டில் வையுங்கள். தூக்கும்போது இருவராகத் தூக்குங்கள். காலில் விழுந்த வைஸ் யாருக்கும் இரக்கம் காட்டாது.

வீட்டு வேலையோடு நில்லாமல், இதைத் தொழிலாகவே நடத்தும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் கூலி வேலை செய்பவர்களுக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சொக்சோ பாதுகாப்பு உண்டு. ஆனால் ஓய்வு நேரத்தில் வீட்டுப் பின்புறத்தில் சொந்தமாகச் செய்யும் தொழிலில் அடிபட்டால் அந்தப் பாதுகாப்பு உதவும் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கென்று 2017-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. சொக்சோ அலுவலகத்துக்கு ஒரு முறை நேரில் போய், உங்கள் தொழிலுக்கு எப்படிப் பதிந்துகொள்வது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போல்ட் மேசையைக் காக்கும். இந்தப் பதிவு குடும்பத்தைக் காக்கும்.

நேயர்களே, விரல் இழந்த அந்த மனிதரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? சில ஆண்டுகள் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது, பின்புறத்தில் ஒரு கனமான இரும்பு மேசை நின்றது. அவருடைய மூத்த மகன் செய்தது. நான்கு போல்ட்டுகளில் கிரைண்டர் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. தீட்டி முடித்ததும் மகன் கிரைண்டரைக் கழற்றித் துடைத்து, உள்ளே கொண்டுபோய் வைத்துப் பூட்டினான். தந்தை வாசற்படியில் உட்கார்ந்து, அவன் ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்து டின்னில் போடுவதை எண்ணிக்கொண்டிருந்தார். "நாலும் இருக்கா?" என்று கேட்டார். "நாலும் இருக்குப்பா" என்றான் மகன்.

இந்த வாரக் கடைசியில் உங்கள் வீட்டு மேசைக்குப் போய், அதன்மேல் இருக்கும் கருவியை இரு கைகளாலும் ஒரு முறை உலுக்கிப் பாருங்கள். அது தனியாக அசைந்தால், அன்றைய வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மீண்டும் சந்திப்போம்.